பகல் தூக்கத்துக்கு ஓர் அறை

"வாடகையை ஒழுங்கா குடுப்பாங்களா?"

"வாடகையே வாங்கினதில்லையே."

"அண்ணி, அப்படிச் சொன்னா அவங்க போனை வெச்சிடுவாங்க."

"அப்ப பொய் சொல்லவா?"

"அண்ணன் வீடு, அதான் வாடகை இல்ல, செலவுக்கு அவ பணம் தர்றாள்னு சொல்லுங்க. உண்மைதானே?"

அண்ணி வெங்காயம் உரித்தபடியே தலையாட்டினாள். நான் பார்த்து வைத்திருக்கும் அறையின் வீட்டுக்காரம்மா இரண்டு இடங்களில் என்னைப் பற்றி விசாரிப்பார் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில், பிறகு இந்த வீட்டில். ஆஸ்பத்திரியைப் பற்றிக் கவலையில்லை. ஒத்திகை அண்ணிக்குத்தான், வீட்டுக்காரம்மாவாக நான்.

இரவு டியூட்டி முடித்து வந்தால் எனக்கு ஹால் சோபா. கண் அயரும் நேரத்தில் மிக்ஸி ஓடும். எல்லோரும் கிளம்பி வீடு அடங்கினால், கொஞ்ச நேரத்தில் அண்ணன் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அலாரம் அடிக்கும். நான் பார்த்து வைத்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துச் சுவரைப் பார்த்து. புரோக்கர் அதைக் குறையாகச் சொன்னபோது, இருட்டும் அமைதியுமாய், கடலடியில் கட்டில் போட்டுப் படுத்திருப்பது போல எனக்கு இருந்தது.

நான் போய்விட்டால் பிள்ளையை யார் கூட்டி வருவார்கள் என்று அண்ணி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

"பொண்ணு எப்படி?"

"தங்கமான பொண்ணு."

"தங்கமான பொண்ணை ஏன் அனுப்பறீங்க?"

அண்ணி சிரித்தாள். "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்."

"பதில் சொல்லுங்கம்மா."

"பகல்ல தூங்க இடம் வேணுமாம்."

"நேரங்கெட்ட நேரத்துல கேட்டைத் திறப்பாங்களே?"

"பூனை மாதிரி வருவா. மாடியில உங்க அம்மா தூக்கம் கெடவே கெடாது."

தடங்கலே இல்லாமல் வந்தது பதில். மாடியில் தன் அம்மா இருப்பதை, அறையைப் பார்க்கப் போன அன்று வீட்டுக்காரம்மா என்னிடம் சொன்னார். இங்கே யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை.

"அண்ணி, அவங்க உங்ககிட்ட பேசிட்டாங்களா?"

"யாரு?" உரித்து முடித்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமா, நேத்து. சும்மா ரெண்டு வார்த்தை. உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

மறந்தவள்தான் அரைமணி நேரமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் முடிவு சொல்வதாக இருந்த புரோக்கர் இன்னும் கூப்பிடவில்லை.

"நேத்தும் பூனைன்னுதான் சொன்னீங்களா?"

அண்ணி எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கத்தியைக் கழுவ ஆரம்பித்தாள்.

"குழாயை மூடுங்க அண்ணி. நேத்து அவங்ககிட்ட சொன்னதை எனக்கு ஒரு தடவை அப்படியே சொல்லுங்க."