பொட்டு வைத்த ராணி

மூன்றே கால் மணிக்கு ஃப்ரீசர் பெட்டி வந்தது. வாசல் கதவை முழுவதும் திறந்த பிறகும் அது உள்ளே நுழையவில்லை. ஆன்ட்ரூஸ் சித்தப்பா ஒரு பக்கக் கதவைக் கழற்றச் சொன்னார். கழற்றிய கதவைப் பிடித்துக்கொண்டு ஜினி சுவரோடு ஒட்டி நின்றாள். பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவனுக்கு மூச்சு வாங்கியது.

“வெறும் பெட்டிக்கே இப்பிடி எளைக்கியே, இனி ஆள வச்சிட்டு எப்பிடிலே தூக்குவ?” என்றார் சித்தப்பா.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

முன்னறையில் கட்டில் கிடந்தது. கட்டிலில் அப்பா. பக்கவாதம் வந்த பிறகு அவரை உள்ளறையில் படுக்க வைக்க முடியவில்லை. கேட் தெரிய வேண்டும் என்று கண்ணாலேயே அடம்பிடித்தார். கட்டிலின் இடப்பக்கம் ஒரு சின்ன மேசை. அதன்மேல் செஸ் பலகை.

“ஏட்டி ஜினி, அந்தக் கட்டையள வாரி ஒரு சாக்குல போடு. மேச நின்னா பெட்டிக்கு எடம் காணாது.”

“வார வேண்டாம் சித்தப்பா. நான் அப்பிடியே எடுக்கேன்.”

“அப்பிடியே எடுத்து என்ன செய்ய? இனி ஆரு களிக்கப் போறா?”

அவள் பலகையை இரு கையாலும் தூக்கினாள். தளும்பத் தளும்ப டீ ஊற்றிய தட்டைக் கொண்டுபோவதுபோல அடுக்களைக்குக் கொண்டுபோனாள். மேடையில் இறக்கி வைத்தபோதுதான் பார்த்தாள். வெள்ளை ராணி இல்லை.

வழியில் விழுந்திருக்கும் என்று திரும்பி நடந்தாள். தரையில் இல்லை. மேசைக்கு அடியில் இல்லை. கட்டிலுக்கு அடியில் மூத்திரக் குப்பியும் அப்பாவின் ஒற்றைச் செருப்பும் மட்டும் இருந்தன.

வேறெந்த ராணியோடும் மாறிப்போகாத ராணி அது. கிரீடத்தில் ஒரு பல் ஒடிந்த இடத்தில், எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ஜினி சிவப்பு நகப்பாலிஷ் வைத்திருந்தாள். அப்பா ஏசினார். பலகைக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்த அப்பாவின் நண்பர் தாணுமாலயன்தான் தடுத்தார்.

“பிள்ளைய ஏசாதயும் ஓய். உம்ம வீட்டுல பொட்டு வச்ச ஒரே பொம்பள இதாக்கும்.”

அடுக்களையில் நின்ற அம்மா பூங்கனிகூட அன்றைக்குச் சிரித்தாள்.

தாணு மாமாவுக்குத் தோவாளைச் சந்தையில் பூ கமிஷன் கடை. அப்பா ஜான்ரோஸ் மின்வாரியத்தில் லைன்மேன். சந்தையில் கம்பி அறுந்த ஒரு மழைநாளில் தொடங்கிய பழக்கம். வாரத்துக்கு ஒருமுறை நாலு மணி பஸ்ஸில் மாமா வருவார். பலகையில் ஒரு புதிரை நிறுத்திவைப்பார். ‘வெள்ளை ஆடி ஜெயிக்கணும்’ என்பார். டீ குடித்துவிட்டுப் போவார். அடுத்த வாரம் வந்ததும் அப்பா அவர் முன்னால் விடையை ஆட வேண்டும். கறுப்பு மாமாவுடையது. அதுவரை யாரும் பலகையைத் தொடக்கூடாது. புதிரை வைத்தவன் முன்னால்தான் விடை. இருவருக்கும் அது ஒரு சட்டம்.

மாமாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வெட்டிய காயைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மறந்துபோய் வீட்டுக்கும் கொண்டுபோவார். ராத்திரி அவருடைய மருமகள் அபிதா போன் செய்வாள்.

“அக்கா, உங்க யானை மாமாவுக்க கூட வந்துட்டு.”

சோப்புத் தண்ணியில் ஒரு குதிரையைப் பாழாக்கிய பிறகு, பையைத் தடவிப் பார்க்காமல் அபிதா அவர் சட்டையை நனைப்பதில்லை.

அப்பாவுக்குப் பேச்சும் வலப்பக்கமும் போன பிறகும் மாமா வந்தார். வழக்கம்போலப் புதிரை நிறுத்தினார். கட்டிலின் அருகே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அப்பாவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“இது எடக்கானதாக்கும். நல்லா யோசியும் ஓய். அடுத்த வாரம் வாறேன்.”

அடுத்த வாரம் அவர் இல்லை. சந்தையில் பூ மூட்டைமேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஜினியும் அம்மாவும் ஒருவர் மாற்றி ஒருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்பாவுக்கு அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“தாணு மாமா பெங்களூர் போயிருக்காவ அப்பா. மகளுக்க வீட்டுக்கு. பெட்டெண்ணு போகவேண்டி வந்துட்டாம்.”

அப்பா அவளையே பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

“சொல்லாம போற ஆளு இல்லியே அவரு,” என்று அம்மா அடுக்களையில் முணுமுணுத்தாள். “பக்கத்து ஊரா பாத்துச் சொல்லியிருக்கலாம்.”

“எந்த ஊரச் சொன்னாலும் சொல்லாம போனதுதானேம்மா.”

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அப்பாவின் கண் கேட்டுக்குப் போகும். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பிப் போன பிறகு பலகைக்கு வரும். ஜினி ஒருநாள் கறுப்புப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்குக் காய்கள் எப்படிப் போகும் என்பது மட்டும் தெரியும். ராணியைத் தூக்கி ஒவ்வொரு கட்டமாகக் காட்டினாள். இதா அப்பா, இதா. அவர் இடக்கையை எடுத்துப் பலகையின் விளிம்பில் வைத்தார். கரண்டி பிடிக்க மட்டுமே பழகிய கை. அது அவளுக்கு வழி காட்டவில்லை, தடுத்தது.

இன்று காலை அவள்தான் பலகையைத் துடைத்தாள். ஒவ்வொரு காயாகத் தூக்கி, துடைத்து, அதே கட்டத்தில் வைத்தாள். ராணியைத் துடைத்தபோது நகப்பாலிஷ் லேசாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அப்பா போயிருந்தார். கண்கள் திறந்திருந்தன. அவை கேட்டைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்திருந்தன. அவள்தான் மூடினாள்.

“ஜினி, ஒரு கை பிடி மக்கா.”

சித்தப்பா கூப்பிட்டார். நாலுபேர் சேர்ந்து அப்பாவைப் பெட்டிக்குள் இறக்கினார்கள். இடக்கை மூடியிருந்தது.

“விரல நீத்தி விடணும். குளுந்து போனா பொறவு வராது.”

ராணி அதற்குள் இருக்கும் என்று ஜினிக்குத் தோன்றியது. விரல்களை ஒவ்வொன்றாக அவளே பிரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை. உள்ளங்கையில் மட்டும் வட்டமாக ஒரு தடம். செஸ் காயின் அடிப்பாகம் அளவு.

அவள் அடுக்களைக்குத் திரும்பினாள்.

காணாமல்போனது ராணி மட்டுமல்ல என்பது இப்போதுதான் தெரிந்தது. காய்கள் இடம் மாறியிருந்தன. கறுப்பு ராஜா அதே மூலையில்தான் இருந்தது. அதன் முன்னால் இரண்டு சிப்பாய்கள், அப்படியேதான். பக்கத்துக் கட்டம் காலையில் காலியாக இருந்தது. அதற்கும் அப்பால் வரிசையின் மறுகோடியில் நின்ற கறுப்பு யானை இப்போது அந்தக் காலிக் கட்டத்துக்கு வந்து ராஜாவை ஒட்டி நின்றது.

யானை ஏன் அங்கே வரவேண்டும். வெட்ட ஏதாவது இருந்தால்தானே வரும்.

அவள் உப்பு ஜாடியின் மூடியை எடுத்து ராணிக்குப் பதிலாக வைத்தாள். யானையைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். மூடியை நகர்த்தினாள். நேராக, ராஜாவின் தோளோடு தோளாக, யாரும் வைக்கத் துணியாத கட்டத்தில். அவள் அப்பாவுக்குக் காட்டாமல் விட்ட ஒரே கட்டம் அது. ராஜா வெட்டலாம் என்றால், காலையில் நின்ற இடத்திலிருந்து வெள்ளைக் குதிரை அந்தக் கட்டத்தைக் காவல் காத்தது. அதனால் யானைதான் வெட்டியாக வேண்டும். யானை வந்து வெட்டியது. ராணி போயிற்று. ஆனால் ராஜாவுக்கு மிச்சமிருந்த ஒரே வழியும் அடைந்துபோயிற்று. குதிரை ஒரு தாவல் தாவினால் போதும். சுற்றிலும் சொந்த ஆட்கள். நகர இடமில்லை.

குதிரை ஏற்கெனவே தாவித்தான் இருந்தது.

குதிரையை அப்பா நகர்த்தியிருக்கலாம். ராணியையும் அவரே கொண்டுபோய் வைத்திருக்கலாம். மூன்று கட்டம் தள்ளுவதற்குள் வியர்த்துப்போயிருக்கும், ஆனாலும் முடிந்திருக்கும். கறுப்பு யானை வரிசையின் மறுகோடியில், தலைமாட்டுப் பக்கம் நின்றது. அந்தக் கை அவ்வளவு தூரம் எட்டாது. கரண்டி கீழே விழுந்தால்கூட அவர் கண்ணால்தான் காட்டுவார்.

கை கழுவ அம்மா உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் கிடந்த உப்பு ஜாடி மூடியைப் பார்த்தாள்.

“அம்மா, காலத்த அந்தச் சேர்ல வந்து இருந்தியா?”

“நான் எங்கட்டி இருந்தேன்? பொறத்த துணி அலசிட்டுல்லா நின்னேன்.”

“டயப்பர் பாக்கெட்டு சேர்மேல கெடந்து. நான் வரும்போ அது தரையில இருந்து. சொவரோட சேத்து வச்சிருந்து.”

அம்மா குழாயை மூடினாள்.

“சேர் இழுக்க சத்தம் கேட்டுது,” என்றாள். “நீ வந்துட்டேன்னு நெனச்சேன்.”

“நான் அதுக்குப் பொறவுதானேம்மா வந்தேன். நான் வரும்போ நீ கேட்டத் தொறந்து விட்டல்லா.”

“ஆமா.”

முன்னறையில் யாரோ பாமாலை பாட ஆரம்பித்து, சுருதி சேராமல் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார்கள். அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வேற ஆருகிட்டயும் இதச் சொல்லாண்டாம்,” என்றாள். “நாளைக்குப் பாஸ்டர் வருவாரு. ஒனக்க தம்பி ஜெனினும் மஸ்கட்டுலயிருந்து வந்துருவான். அடக்கம் ஒழுங்கா நடக்கட்டு.”

“ஒண்ணு மட்டும் சொல்லு. மாமா விட்டுட்டுப் போயிட்டாவன்னு நெனச்சிட்டேவா அப்பா போயிருப்பாவ? நான் சொன்ன பொய்ய நம்பிட்டேவா?”

அம்மா உப்பு ஜாடி மூடியை எடுத்து ஜாடிமேல் வைத்து அழுத்தினாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

சந்திப்பில் ஹாரன் கேட்டது. நாலு மணி பஸ். ஜினியின் கண் தானாக வாசலுக்குப் போனது. முன்னறையில் ஒருபக்கம் கதவில்லாத வாசல் வழியே கேட் நேராகத் தெரிந்தது. பெட்டியின் கண்ணாடிக்குள் அப்பாவின் முகமும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. அப்படி வைத்தது யார் என்று அவளுக்கு நினைவில்லை.

கேட் கிறீச்சிட்டது. வந்தது அபிதா. தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. இன்று தாணு மாமாவுக்குப் பதினாறாம் நாள் அடியந்திரம். அதை முடித்த கையோடு வந்திருக்கிறாள். பெட்டியின் முன்னால் கொஞ்சநேரம் நின்றாள். அம்மாவின் கையைப் பிடித்தாள். பிறகு ஜினியைத் தேடி அடுக்களைக்கு வந்தாள். வலக்கையை முந்தானைக்குள் மூடியே வைத்திருந்தாள்.

“பந்தி முடியுக்கு முன்னாடியே தகவல் வந்துட்டு அக்கா. எனக்கு அங்க நிக்க முடியல்ல.”

“இரு. கருப்பட்டிக் காப்பி இருக்கு.”

“வேண்டாம்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “காலத்த மாமாவுக்கு எல போட்டோம். எலைக்குப் பக்கத்துல அவியளுக்க வேட்டியும் சட்டையும் வச்சோம். நேத்து நான்தான் அலக்கித் தேச்சு மடக்கி வச்சேன். பையிலயும் தேப்புப்பெட்டி ஓடிச்சு. பூசை முடிஞ்சு, ஒரு வயசாளிக்குக் குடுக்கலாம்னு சட்டைய எடுத்தேன். கனமா இருந்து.”

அவள் பலகையைப் பார்த்தாள். யானையை, குதிரையை, மூலையில் நின்ற ராஜாவை. பிறகு முந்தானையை விலக்கிக் கையை நீட்டி விரித்தாள். கிரீடத்தின் ஒடிந்த இடத்தில் நகப்பாலிஷ் உதிர்ந்திருந்தது.

“உங்க ராணி மாமாவுக்க கூட வந்துட்டு அக்கா,” என்றாள் அபிதா. “மாமா எப்பம் இங்க வந்தாவ?”