ஐந்து ஒன்பது என்று சொன்னேன்

பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே அலையில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் சந்தித்தால் முதலில் கேட்பது நலமா என்றல்ல, என் குரல் எப்படி வருகிறது என்றுதான். அதற்கு இரண்டு எண்களில் பதில் சொல்ல வேண்டும். முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு. இரண்டாவது எண் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதற்கு. ஐந்து ஒன்பது என்றால் ஒரு சொல் விடாமல் புரிகிறது, பலத்துக்கும் குறைவில்லை, அதற்கு மேல் கிடையாது. எங்களில் சிலர் மரியாதைக்காக எல்லோருக்கும் அதையே வாரி வழங்குவார்கள். ஐந்து ஒன்பது போட்ட கையோடு, "உங்க பேரைக் கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கிற ஆட்களும் உண்டு. அவர்களைக் கேலி செய்வதில் நான்தான் முதல் ஆள். பிறகு நானே அதைச் செய்தேன். மரியாதைக்காகக்கூட அல்ல.

செய்தது என் மனைவியின் அண்ணனுக்கு. எனக்கு மச்சான், நாளடைவில் எங்கள் ரேடியோ குழுவில் இருந்த ஒன்பது பேருக்குமே அவர் மச்சானாகிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரேடியோவைக் கட்டிக்கொண்டவர் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்பதை அவர் சொல்லித்தான் ஊரே ஓடிப் பிடிக்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டன. நாக்கு மட்டும் திரும்பவில்லை. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழைந்து வந்தன.

முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சியை ஒரு நாள்கூட விடக்கூடாதாம். நிலையத்திலும் அதே கணக்கு: ஆறு மாதம் இடத்தை வைத்திருப்பார்கள், அதற்குள் வந்து அதிகாரிகள் முன்னால் பத்து அறிவிப்புகளை வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் மைக். தேறாவிட்டால் சாமான் அறையில் சீட்டு ஒட்டும் வேலை. "சாமான் அறைக்குப் போறதுக்கு நான் வீட்டுலயே கெடப்பேன் மாப்பிள்ளே" என்றார். அவர் பேச்சை இங்கே நேராக்கித்தான் எழுதுகிறேன். எழுத்தில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும்.

எங்கள் குழு தினமும் காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் பேசும். நான் தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். மேல்நிலைத் தொட்டியின் உச்சியில்தான் எங்கள் ரிப்பீட்டர் இருக்கிறது. எங்களுடைய சின்ன செட்டுகளின் குரலை வாங்கி, பலப்படுத்தி, ஊர் முழுக்க அனுப்பும் பெட்டி அது. சாவி என்னிடம் இருந்ததால் பெட்டிக்கு நான்தான் காவல், பூசாரி, எல்லாம். பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டுப் பேசவைப்பதும் நான்தான்.

பழைய பெட்டி அனலாக், குரலை உள்ளபடியே அனுப்பும் பழைய முறை. இரைச்சல் காதைப் பிளக்கும். ஆனால் மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மறுபடி ரேடியோவில் பேச ஆரம்பித்த இரண்டாவது வாரத்திலேயே, அந்த இரைச்சலுக்கு நடுவிலும் எல்லோருக்கும் அவர் பேச்சு பிடிபட்டுவிட்டது. பிடிபடாத இடத்தில் குழுவில் இருந்த பூகோள டீச்சர் கூச்சமே இல்லாமல், "மச்சான், கடைசி வார்த்தை முழுங்கிட்டீங்க, திரும்பச் சொல்லுங்க" என்பார். இவரும் சிரித்துக்கொண்டு திரும்பச் சொல்வார். பயிற்சி கொடுக்கும் பெண் இதைக் கேட்டுவிட்டு, தான் கொடுக்கிற பயிற்சியைவிட அதுதான் நல்ல பயிற்சி என்றாளாம்.

அந்த நேரத்தில்தான் எனக்கு டிஜிட்டல் பைத்தியம் பிடித்தது.

பிடித்தது என்றால் சாதாரணமாக அல்ல. டிஜிட்டலில் இரைச்சல் என்பதே கிடையாது, குரல் கண்ணாடி மாதிரி வரும், பேசுகிறவரின் பெயர்கூடத் திரையில் தெரியும் என்று எல்லோர் காதிலும் ஓதிக்கொண்டே இருந்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை தொட்டியின் மேல் வெயிலில் கருகி, புதுப் பெட்டியை நிறுத்தினேன். அது அனலாக், டிஜிட்டல் இரண்டு முறையிலும் ஓடக்கூடியதுதான். "ரெண்டும் ஓடட்டுமே, என்ன போச்சு?" என்றார் டீச்சர். ரெண்டுங்கெட்டானாக இருக்கக் கூடாது என்று பிடிவாதமாக அனலாக்கை அணைத்தேன். டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு மாசம் பார்ப்போம். மச்சான் பேசறது சரியா வரலேன்னா பழையபடி மாத்திடணும். தீர்ப்பு நீங்களே சொல்லுங்க, நீங்கதான அவரோட வீட்டு மனுஷன்."

மச்சானுக்கு டிஜிட்டல் செட்டை நானே கொண்டுபோய்ப் பொருத்தினேன். முதல் நாள் காலை பம்ப் அறையில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டேன். அவர் பெயர் திரையில் பளிச்சென்று வந்தது. அலையின் பலத்தைக் காட்டும் கோடு முழுசாக நிமிர்ந்தது. பிறகு அவர் குரல் வந்தது.

டிஜிட்டல் செட் குரலை அப்படியே அனுப்புவதில்லை. உள்ளே இருக்கும் சிப் என்கிற சில்லு அதைப் பிய்த்து எண்களாக்கும், அந்தப் பக்கத்து சில்லு எண்களிலிருந்து மறுபடி குரல் செய்யும். எல்லோரும் பேசுகிற மாதிரி பேசினால் அது ஒழுங்காகச் செய்யும். குழைந்த பேச்சு அதற்குத் தெரியாது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு கொப்பளிக்கிற சத்தம்தான் வந்தது. அவர் பெயரைத் தவிர ஒன்றும் புரியவில்லை. பெயரும் திரையில் இருந்ததால் புரிந்தது.

கொப்பளிப்பு ஒரு கேள்வி மாதிரி முடிந்தது. எப்படி வருகிறது என்றுதான் கேட்டிருக்க வேண்டும். எட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான்கு ஞாயிறு என் முதுகில் எரிந்துகொண்டிருந்தது. "ஐந்து ஒன்பது மச்சான்! பிரமாதம்!" என்றேன். ஒன்பது உண்மைதானே, பலம் முழுசாகத்தானே இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அயோக்கியத்தனத்திலும் எனக்குக் கணக்குச் சுத்தம்.

மற்றவர்கள் சிரிப்பார்கள், அல்லது டீச்சர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. பெட்டிக்காரனே ஐந்து ஒன்பது என்று சொல்லிவிட்டதால், கோளாறு தன் செட்டில்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். வெளியே சொன்னால் மானம் போகுமே. எங்களில் ஒருவரான லிஃப்ட் மெக்கானிக் மொட்டை மாடியில் ஆன்டெனா கேபிளை இரண்டு தடவை மாற்றினார். இரண்டாவது தடவை கேபிளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். "இப்பவாவது மச்சான் குரல் சரியா வருமா?" என்று கேட்டார். வந்துவிடும் என்றேன். டீச்சர் ஒரு மாத முடிவில், "எனக்குத்தான் சரியாக் கேக்கலியோ என்னமோ. நீங்க நல்லா வருதுன்னு சொல்றீங்களே" என்று இழுத்தார். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிஜிட்டல் நிரந்தரமானது.

மச்சான் மட்டும் உற்சாகமாகப் பேசினார். முன்பு இரண்டு நிமிடம் பேசியவர், இப்போது ஐந்து நிமிடம் கொப்பளித்தார். யாரும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லையே! எல்லோரும், "ஆமா மச்சான்", "கரெக்ட் மச்சான்" என்றார்கள். என்னிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன: சரி மச்சான், அருமை மச்சான், அப்படியே செய்யுங்க மச்சான். மாற்றி மாற்றிப் போடுவேன். நேரில் பார்க்கும்போது உதட்டைப் பார்த்துக் கேட்டால் முக்கால்வாசி புரியும் என்பதால் எனக்கு உறுத்தலும் முக்கால்வாசி அடங்கிவிடும்.

எட்டு வாரம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என் மனைவி சொன்னாள்:

"அண்ணன் திங்கட்கிழமை சோதனைக்குப் போறாராம். ஆறு மாசம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கு, ஏன் அவசரம்னு கேட்டா சிரிக்கறார். பயிற்சிக்குப் போறதையும் நிறுத்திட்டாராம். ஆறு வாரமாச்சாம்! இப்பத்தான் சொல்றார், எல்லாரையும் அசத்தணும்னு மறைச்சு வெச்சிருந்தாராம்."

"யாரைக் கேட்டு நிறுத்தினார்?"

"உங்களைக் கேட்டுத்தான். ரேடியோவுல கேட்டாராம். நீங்க அப்படியே செய்யுங்கன்னு சொன்னீங்களாமே."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள்.

"இதை நான் போய் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே போங்க. இப்பவே போங்க."

மச்சான் வீடு இரண்டு தெரு தள்ளி, தரைத் தளத்தில். கதவு திறந்தே இருந்தது. மேசையில் செட், பக்கத்தில் பெரிய எழுத்தில் அடித்த பத்து அறிவிப்புகள். அலமாரிக் கதவில் நிலையத்துச் சீருடை தொங்கியது. புதுப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளே, சரியான நேரத்துக்கு வந்தீங்க. கேளுங்க" என்று எழுந்து நின்று, முதல் அறிவிப்பை வாசித்தார். தாளை என் கையில் கொடுத்திருந்ததால் பின்தொடர முடிந்தது. நடைமேடை எண் மட்டும் நான்கா ஐந்தா என்று தாளைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

"எப்படி?"

"மச்சான், பயிற்சிய ஏன் நிறுத்தினீங்க?"

"அந்தப் பொண்ணுக்கு என் பேச்சு பழகிப்போச்சு. அவ நல்லா இருக்குன்னாலும் நம்ப முடியாது, இல்லேன்னாலும் நம்ப முடியாது. ரேடியோவுல என் மூஞ்சி யாருக்கும் தெரியாது, உதடும் தெரியாது. அங்க ஒன்பது பேருக்குப் புரிஞ்சா பஸ் ஸ்டாண்டுல ஊருக்கே புரியும். அதுதான் நிஜமான பரீட்சை. நீங்க ஒருத்தர்தான் யாருக்கும் மரியாதைக்காக ஐந்து ஒன்பது போடாத ஆளு."

கையிலிருந்த தாளை மேசையில் வைத்தேன். உட்காரக்கூடத் தோன்றவில்லை.

"புரியல மச்சான். முதல் நாள்லேருந்தே புரியல. நீங்க பேசறது அந்த செட்டுல கொப்பளிக்கிற மாதிரிதான் வருது. பெட்டியப் பழையபடி மாத்தச் சொல்லிடுவாங்கன்னு பொய் சொன்னேன்."

அவர் சிரித்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

"பயிற்சிய நிறுத்தட்டுமான்னு கேட்டேனே? அதுவும் புரியலியா?"

"புரியல."

"டீச்சருக்கு?"

"யாருக்கும் புரியல. அவங்கவங்க செட்டுல ஏதோ கோளாறுன்னு நினைச்சிட்டிருக்காங்க."

"எட்டு வாரம்" என்றார். அதற்கு மேல் நான்தான் பேசினேன். திங்கட்கிழமை போக வேண்டாம், இன்னும் பத்து நாள் இருக்கிறது, நாளைக்கே பயிற்சிக்கு நான் கூட்டிப்போகிறேன், டாக்டரிடம் எழுதி வாங்கித் தவணை கேட்கலாம், பெட்டியை இன்றைக்கே அனலாக்குக்கு மாற்றிவிடுகிறேன், எல்லோரிடமும் என் வாயாலேயே உண்மையைச் சொல்கிறேன். பம்ப் போட்ட குழாய் மாதிரி கொட்டினேன். ஆறு வாரத்தைத் திருப்பித் தரும் வழி மட்டும் அதில் எங்கும் இல்லை. அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

அவர் ஏதோ சொன்னார்.

கோபம் வந்தால் அவர் நாக்கு இன்னும் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. என் தலை தானாகவே ஆடத் தொடங்கியது. சரி மச்சான் என்பது உதடுவரை வந்துவிட்டது. அதைக் கடித்து நிறுத்தினேன்.

"புரியல மச்சான். திரும்பச் சொல்லுங்க."

சொன்னார். இப்போதும் புரியவில்லை. அவர் உதடுகள் நடுங்கியதால் அவற்றைப் பார்த்தும் பயனில்லை. எனக்கு அழுகை வந்தது. "மன்னிச்சிடுங்க, இன்னொரு தடவ" என்றேன்.

மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மூச்சை இழுத்து நிறுத்தினார். அந்தப் பெண் கற்றுக்கொடுத்தபடி, ஒவ்வொரு எழுத்தையும் தனியாகப் பிரித்து, வாயை முழுதும் திறந்து, மெதுவாகச் சொன்னார். பேருந்து நிலையத்தின் கடைசி நடைமேடையில் நிற்பவனுக்கும் அது கேட்டிருக்கும்.

"வெளிய போங்க மாப்பிள்ளே."

"புரிஞ்சுது மச்சான்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.