பாக்கெட் இல்லாத ஐந்து சட்டை

நான் பாக்கெட் தைக்கிறவள். சட்டை தைக்கிறவள் என்று சொன்னால் அது பொய். ஹென்னூர் தாண்டி ஒரு கார்மென்ட்ஸில் பதினான்கு வருஷமாக ஒரே மெஷின், ஒரே வேலை. சட்டையின் இடது முன்பக்கத் துணி வரும். அதன்மேல் பாக்கெட்டை வைத்து மூன்று பக்கமும் தைத்துத் தள்ளிவிட வேண்டும். காலர் ஒருத்தி, கை இன்னொருத்தி. மணிக்கு எழுபது பாக்கெட் என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அறுபத்தைந்தில் நின்றால் லைன் சூப்பர்வைசர் வீணா வந்து தலைக்கு மேல் நின்றுகொள்வாள்.

என் வீட்டுக்காரர் ஹெர்பர்ட்டுக்குச் சட்டைப் பாக்கெட்தான் பீரோ. பேனா, மூக்குக் கண்ணாடி, பஸ் பாஸ், சர்ச் காணிக்கைக் கவர், என்றைக்கோ வாங்கிய மருந்துச் சீட்டு, எல்லாம் அதற்குள் போகும். "இன்னும் ஒரு ஆளு உள்ள படுக்கலாம் போல" என்று கிண்டல் பண்ணுவேன். இரண்டு வருஷம் முன்பு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோது அதில் இன்னொன்றும் சேர்ந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியில்.

"வலி வந்தா தேடிட்டு இருக்கக் கூடாது. பையில வேணாம், டிராயர்ல வேணாம். உங்க மேலயே இருக்கணும்" என்று டாக்டரம்மா சொன்னார். ஹெர்பர்ட் அங்கேயே டப்பியைப் பாக்கெட்டில் போட்டு, மேலே இரண்டு தட்டு தட்டிக் காட்டினார். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. வீட்டை விட்டு இறங்கும்போது, பஸ் ஏறும்போது, சர்ச்சில் ஜெபத்துக்கு எழுந்திருக்கும்போது, வலது கை இடது நெஞ்சுக்குப் போய் இரண்டு தட்டு தட்டும். லிங்கராஜபுரத்துக்குப் புதிதாக வந்த பாஸ்டர் அதைப் பக்தி என்று நினைத்து, "பிரதர் ஹெர்பர்ட் மாதிரி நொறுங்குண்ட இருதயம் வேணும்" என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரு கம்பெனி குடோனில் ஸ்டோர் கீப்பர் வேலை. இருபத்திரண்டு வருஷம் காக்கிச் சட்டை. இந்த ஜூனில் குடோனை மூடினார்கள். நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இவரை மட்டும் ஹெப்பால் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். வருகிறவர்களுக்குப் பாஸ் எழுதுவது, மீட்டிங் ரூம் திறந்து வைப்பது, அந்த மாதிரி வேலை. மூன்று மாதம் பார்ப்போம், சரியாக வரவில்லையென்றால் அனுப்பிவிடுவோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். வேலை போனால் கம்பெனி மெடிக்கல் கார்டும் போகும். ஐம்பத்து நாலு வயதில், அடைப்பு உள்ள இதயத்தோடு ஒருத்தருக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

முதல் வாரத்து வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது, போனைக் கையில் வைத்துக்கொண்டு முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"கேத்தி, என்னைக் கேஷுவல் பண்ணிட்டாங்க."

எங்கள் பக்கத்தில் கேஷுவல் என்றால் தினக்கூலி ஆள். பேக்டரிகளில் பர்மனென்ட் ஒரு ஜாதி, கேஷுவல் ஒரு ஜாதி. ஹெர்பர்ட் ஆறு வருஷம் கேஷுவலாகக் கிடந்து பர்மனென்ட் ஆனவர். போனைப் பிடுங்கிப் படித்தேன். திங்கள்கிழமை முதல் எல்லோரும் 'பிஸினஸ் கேஷுவல்' என்று போட்டிருந்தது.

"ஐயோ, என் மகராசனே! இது வேலை இல்ல, சட்டை! டிரெஸ்ஸு! டையும் வேணாம், காக்கியும் வேணாம், நடுவுல டீசன்ட்டா வாங்கன்னு எழுதியிருக்கான்."

"சட்டையா?"

"ஆமா, சட்டை! எங்க பேக்டரி அட்டைப் பெட்டி மேலயே இதுதான் எழுதியிருக்கும்."

அவரும் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னார். மேனேஜர் கிரண் அன்றைக்குக் காலையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறான். அவனுக்கு முப்பது வயது இருக்கும். "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. கிளையன்ட் வர்ற இடம். ஷர்ட் எல்லாம் ஸ்வல்ப அப்கிரேட் பண்ணிக்கோங்க" என்றானாம். நான் கதவுக்குப் பின்னால் கொடியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தேன். பழுப்புக் கட்டம் போட்ட அரைக்கை நாலு, காலர் நைந்துபோனவை. தங்கச்சி கல்யாணத்துக்குத் தைத்த பளபளப்பான க்ரீம் கலர் ஒன்று, வயிற்றில் பட்டன் இழுக்கும். கிரண் சொன்னதில் தப்பே இல்லை என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

சட்டை விஷயத்தில் எனக்கு எவனும் கிளாஸ் எடுக்க வேண்டாம். மறுநாள் எங்கள் பேக்டரியில் ஸ்டாஃப் சேல், வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் மலிவு விலையில். ஆர்டர் போக மிஞ்சிய சட்டைகளை மேஜையில் குவித்து வைப்பார்கள். தள்ளுமுள்ளில் புகுந்து ஐந்து எடுத்தேன். வெளிர் நீலம், வெள்ளை, லாவண்டர், சாம்பல் கோடு, ஆலிவ். எல்லாம் முழுக்கை, காலர் நுனியில் பட்டன் வைத்தது, மினுங்காத கெட்டித் துணி. தோள் தையல் தோள் எலும்பில் சரியாக உட்காரும் அளவு. கையை இரண்டு மடிப்பு மடித்து, இன் பண்ணி, பிரவுன் பெல்ட் போட்டால் போதும், கிரணே எழுந்து நிற்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தும் ஒரே ஸ்டைல். பாக்கெட் இல்லாத ஸ்டைல். வெளிநாட்டுக்காரன் இப்போதெல்லாம் பாக்கெட்டே கேட்பதில்லை. அந்த ஆர்டர் ஓடுகிற நாளில் எங்களைப் பட்டன் பக்கம் தள்ளிவிடுவார்கள். பாக்கெட் வைத்த சட்டையும் அதே மேஜையில் இருந்தது, கொஞ்சம் பழைய மாடலாக. நான் பார்த்துதான் எடுத்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பார்த்துதான் எடுத்தேன்.

வீட்டில் நீலச் சட்டையை முதலில் போட்டு நிறுத்தினேன். மனுஷன் பத்து வயது குறைந்து நின்றார். கண்ணாடியில் முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு வலது கை நெஞ்சுக்குப் போனது. தட்டியது. அங்கே ஒன்றும் இல்லை, கை அப்படியே கீழே வழுக்கிக்கொண்டு வந்தது.

"பாக்கெட் எங்க கேத்தி?"

"இந்த மாடலுக்குக் கிடையாது."

"மாத்திரையை எங்க வெக்கிறது?"

"பேன்ட்டுல வெய்யுங்க."

"பேன்ட்டுல வெச்சா உக்காரும்போது டப்பி நொறுங்கிடும். போன வருஷம் நொறுங்கல?"

"அப்ப பையில வெய்யுங்க."

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னா..."

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. கழுத்து நரம்பு வேறு பிடித்திருந்தது. "நாள் பூரா ஊரான் வீட்டுச் சட்டைக்கு ஐந்நூறு பாக்கெட் தெக்கிறேன். வீட்டுக்கு வந்தும் பாக்கெட்டா? ஒரு நாள் விடுங்க என்னை!" என்று கத்திவிட்டேன். அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார், காலர் கசங்காமல்.

கொஞ்ச நேரம் கழித்து நானே போனேன். "நாளைக்குச் சபையில பந்தி வேலை இருக்கு, முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை உள்பக்கம் வெச்சித் தெச்சித் தரேன். பட்டன் பட்டியோட சேத்துப் புடிச்சா வெளிய தெரியாது. போதுமா?" என்றேன். "போதும், போதும். அவசரமே இல்ல" என்றார். வீட்டில் மிதி மெஷின் இருக்கிறது. ஐந்து சட்டைக்கும் சேர்த்து எனக்கு அரை மணி நேர வேலை.

அந்த வாரம் நன்றாகவே போனது. கிரண் பார்த்துவிட்டு "சூப்பர் அங்கிள், டென் இயர்ஸ் கம்மி" என்றானாம். பக்கத்து மேஜைப் பெண் சௌம்யா, சேலத்திலிருந்து வந்து ஒரு வருஷம் ஆனவள், அவரை நிற்க வைத்து போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். வெள்ளைச் சட்டையில் ராஜா மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. பேனாவைப் பாக்கெட்டில் போடுவதாக நினைத்துத் தரையில் போட்டு ஒரே வாரத்தில் மூன்று பேனாவை உடைத்தார். பஸ்ஸில் இல்லாத பாக்கெட்டுக்குள் பாஸைச் செருகி, அது கீழே விழுந்து, கண்டக்டர் "ஏன் சார், காலையிலேயே தண்ணியா?" என்று கன்னடத்தில் கேட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்மென்ட் என்று எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்கள். வராதவர்கள் திங்களும் வர வேண்டாம் என்றாள் வீணா. போனேன். அன்றைக்கு மட்டும் அறுநூற்று இருபது பாக்கெட். சாயங்காலம் வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து சட்டையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முதுகு ஒடிந்துவிடும் போல இருந்தது. ஹெர்பர்ட் வந்து சட்டைகளை என் மடியிலிருந்து எடுத்துவிட்டார்.

"விடு கேத்தி. அடுத்த வாரம் பாத்துக்கலாம். எனக்கு இப்ப பழகிடுச்சு."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த அப்பாடாவை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. படுத்ததும் தூங்கிப்போனேன்.

செவ்வாய்க்கிழமை லாவண்டர் சட்டை போட்டுக்கொண்டு போனார். வாசலில் நின்று நெஞ்சைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் சிரித்து, பையைக் காட்டி "இதுல இருக்கு, இதுல இருக்கு" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

பதினொன்றரை இருக்கும். லைனில் போன் வைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி இல்லை. வீணா நடந்து வந்தாள். பலகையைப் பார்க்கவில்லை, என் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. என் மெஷினின் சுவிட்சை அவளே அணைத்தாள். பதினான்கு வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது இல்லை, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. லாவண்டர் சட்டையைக் கத்தரியால் நடுவில் வெட்டி எடுத்து ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் பையை கிரண் கொண்டுவந்து கொடுத்தான். அந்த ஆபீஸில் பையை மேலே கொண்டு போகக் கூடாதாம், கீழே லாக்கரில் வைத்துவிட வேண்டுமாம். அதை ஹெர்பர்ட் என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைப்பேன் என்று தெரியும் அவருக்கு. திறந்து பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில் மாத்திரை டப்பி இருந்தது. ஆட்டிப் பார்த்தேன், நிறைய இருந்தது. மாத்திரை போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார்.

சௌம்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தாள், பாவம்.

"நாங்க லேட் பண்ணல ஆன்ட்டி. மீட்டிங் ரூம்ல அப்படியே உக்காந்துட்டார். பேச்சு வரல. ஆனா எங்க வலிக்குதுன்னு காட்டிட்டே இருந்தார். இப்படி, இப்படி, நெஞ்சுல தட்டித் தட்டி." அவள் வலது கையை விரித்து இடது நெஞ்சில் வைத்து இரண்டு தட்டு தட்டினாள். கை கீழே வழுக்கியது. மறுபடியும் மேலே கொண்டுபோய் இரண்டு தட்டு. "விரலை மடக்கி மடக்கிச் சட்டையைப் பிராண்டினார் ஆன்ட்டி. ஹார்ட்டுன்னு உடனே புரிஞ்சுது. ஆம்புலன்ஸ் கூப்ட்டோம். கிரண் சார்தான், 'தெரியுது அங்கிள், தெரியுது, ஸ்ட்ரெயின் பண்ணாதீங்க'ன்னு கையை ரெண்டையும் கெட்டியா புடிச்சுக்கிட்டார்."

ஹெர்பர்ட் வலியைக் காட்டவில்லை. பாக்கெட்டைத் தேடியிருக்கிறார். இரண்டு வருஷமாக அது எங்கே இருந்ததோ அங்கே தேடியிருக்கிறார். அந்தக் கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"அவர் சொல்ல வந்தது எங்களுக்குப் புரிஞ்சுது ஆன்ட்டி. அந்த ஒரு ஆறுதல்தான்" என்றாள் சௌம்யா. அவள் கை இன்னும் அங்கேயே தட்டிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் நான் என்ன சொல்வது?

"ஆமாம்மா, நல்லா புரிஞ்சுக்கிட்டீங்க" என்றேன். சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்து நெஞ்சிலிருந்து எடுத்து, மடியில் வைத்தேன்.