என் வீட்டுக்காரர் கதை சொன்ன மாலை

ஆங்கிலம் படிக்கப் போனது நான். துணைக்கு வந்தவர் என் வீட்டுக்காரர். வந்த மனிதர் பேசாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கலாம். டீச்சர் ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டதும் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு ஆங்கிலம் தேவைப்பட்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருக்கிறேன். போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எல்லாம் என் கையைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகும். எங்கள் நிர்வாகம் வேறு ஊரில் புதிதாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி திறக்கிறது. அங்கே சலவைப் பிரிவு முழுவதற்கும் பொறுப்பாளராக என் பெயரைச் சொல்லியிருந்தார்கள். நேர்காணல் மட்டும் ஆங்கிலத்தில் நடக்குமாம். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர் அது. இவர் இதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது. பெண்ணும் கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் போனால் வீட்டில் இவர் தனியாள்.

போகட்டுமா வேண்டாமா என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "உன் இஷ்டம்" என்பார், டி.வி. பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போ என்றாவது சொல்ல வேண்டும், போகாதே என்றாவது சொல்ல வேண்டும். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தால் நான் எதை என்று நினைப்பது? என் மேல் அக்கறையே இல்லை என்று முடிவு கட்டினேன். அக்கறை இருக்கிற மனிதர் ஒரு வார்த்தை தடுக்க மாட்டாரா?

வகுப்பு ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் நடந்தது. டீச்சருக்கு என் பெண் வயதுகூட இருக்காது. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு கதை வரும். ஒருத்தி சாவியைத் தொலைப்பாள், ஒருவன் தப்பான பஸ்ஸில் ஏறுவான். அந்தக் கதையில் வந்த சொற்களை வைத்து நம் வீட்டுக் கதை ஒன்றை எழுந்து நின்று சொல்ல வேண்டும். தமிழ் கூடாது. சொல்கிறவர் எவ்வளவு திணறினாலும் மற்றவர்கள் வாய் திறக்கவும் கூடாது. மீறினால் எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்க வேண்டும். முதல் மாதம் அடுக்கியதெல்லாம் நான்தான், வேறு யார்! கீழே பேக்கரி நடத்துகிறவரும் எங்களோடு படித்தார். எந்தக் கதையை ஆரம்பித்தாலும் ரொட்டி கருகியதில்தான் கொண்டுபோய் முடிப்பார்.

என் நேர்காணலுக்கு முந்தைய மாலை இவர் முறை வந்தது. மானத்தை வாங்கிவிடப் போகிறாரே என்று நானே ஒரு கதை தயார் செய்து கொடுத்திருந்தேன். நின்றுபோன லிஃப்டிலிருந்து ஒரு நோயாளியை இவர் காப்பாற்றிய கதை. சமையலறையில் நிறுத்தி வைத்து வாரம் பூராவும் ஒப்பிக்க வைத்திருந்தேன்.

எழுந்தார். "ஒரு நாள் லிஃப்ட் நின்றுவிட்டது" என்றார். அதோடு இவரும் நின்றுவிட்டார்.

அடுத்த வரி என் நாக்கு நுனியில் நிற்கிறது. டீச்சர் என்னைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தார். அவர் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்.

"என் மனைவி நன்றாக வேலை செய்கிறாள். வேறு ஊரில் பெரிய வேலை இருக்கிறது. போகட்டுமா என்று கேட்கிறாள். நான் பதில் சொல்லவில்லை."

டீச்சர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "ஏன்?"

"போகாதே என்று நான் சொன்னால் அவள் போக மாட்டாள்."

"அப்படியானால் போ என்று சொல்லலாமே?"

சொல் கிடைக்காமல் கொஞ்ச நேரம் தேடினார். "அது பொய்."

பேக்கரிக்காரர் கைதட்டப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.  எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, இதைப் போய் நாலு பேர் நடுவில், அரைகுறைப் பாஷையிலா சொல்வார்?

படி இறங்கி பஸ் ஸ்டாப் வரை அடக்கிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏங்க, இதை வீட்டுல சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

"எங்க சொல்ல விட்ட? நான் ஒண்ணு ஆரம்பிச்சா நீ ஒம்பது பேசி முடிச்சுடுவ. அங்கதானே உன் வாய்க்குப் பூட்டு போட்டிருக்காங்க."

"நான் எப்ப..." என்று ஆரம்பித்தவள் கப்பென்று வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பஸ் வந்தது. ஏறவில்லை.

"சரி, இப்ப சொல்லுங்க. நான் குறுக்க பேசல."

 அவர் தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காத்திருப்பது இவ்வளவு கஷ்டமா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது.

"நீ போ" என்றார். "அந்த வேலைக்கு உன்னை விட்டா ஆள் கிடையாது. ஆனா வண்டி ஏத்திவிட மட்டும் என்னைக் கூப்பிடாத. என்னால முடியாதும்மா."

சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது.  அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் நேர்காணலில் உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். டாக்டர் தன் அங்கிப் பையில் மறந்துவிட்ட பேனாவால் ஒரு மெஷின் துணி முழுக்க நீலமான கதையைச் சொன்னேன். இரண்டு இடத்தில் திணறினேன். அவர்களும் காத்திருந்தார்கள். வேலை கிடைத்துவிட்டது.

கிளம்பிய அன்று என் பெட்டியின் ஜிப்பை இவரே சரிசெய்து, இழுத்து மூடிக் கொடுத்தார். வாசலோடு நின்றுகொண்டார். நான் ஆட்டோவில் தனியாக ஸ்டேஷனுக்குப் போய் ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். கடைசி நிமிஷத்திலாவது மனசு கேட்காமல் ஓடி வருவார் என்று பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்திருந்தால் சத்தியமாக இறங்கியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். வண்டி நகர்ந்தது. வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், பாவி மனுஷன்.