முந்நூறு லிஃப்ட்டுகளும் ஒரு 'ப்ச்'சும்

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாகக் கயிறும் மோட்டாரும் கிரீஸுமாகப் பிழைப்பு ஓடுகிறது. என் மனைவி நாற்பத்தொரு வயதில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தபோது, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்ட முதல் ஆள் நான்தான். அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"மோட்டார் சத்தத்தை வச்சே உங்களுக்குப் பழுது தெரியுதுல்ல? அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தரப்போறேன்" என்றாள். அதுதான் அவள் ஆய்வு. "சத்தமெல்லாம் நானே பதிவு பண்ணித் தரேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். போன கட்டடத்திலெல்லாம் மோட்டார் அறையில் போனை நீட்டிக்கொண்டு நின்றேன். முந்நூறு பதிவு. எது நல்ல லிஃப்ட், எது பழுது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியும் கொடுத்தேன்.

பகலில் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துவிட்டு, மாலையில் தன் வயதில் பாதியே ஆன பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவாள். முதல் பருவத்தில் கணக்குத் தாள் போயிற்று. அழுவாள் என்று பார்த்தேன்; அந்தப் புத்தகத்தையே கரைத்துக் குடித்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசியில் அவளுடைய புரோகிராம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னது. அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு அம்மாவுக்கு வாயெல்லாம் பல். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஒரு வாரம். ஏற்கெனவே ஒருமுறை அவகாசம் வாங்கியாயிற்று. இதில் தவறினால் பட்டம் இல்லை.

அவள் சும்மா இருந்தாளா? எங்கள் கம்பெனியில் இன்னொரு மெக்கானிக்கிடம் இருபது பதிவு வாங்கிப் போட்டுப் பார்த்தாள். இருபதும் நல்ல லிஃப்ட் என்றது புரோகிராம். அதில் ஒன்பது பழுது.

ஞாயிறு காலை முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் பதிவுகளைக் கேட்டாள். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். நல்ல லிஃப்ட் என்றால் மோட்டார் மட்டும் ஓடியது. பழுதான லிஃப்ட் என்றால், மோட்டாருக்கு நடுவே நான். "ப்ச்."

பழுதைக் கண்டாலே எனக்குச் சலிப்பு வந்துவிடும். அது வாய் வழியாக வருவது எனக்கே தெரியாது.

"இந்தப் புரோகிராம் மோட்டாரைப் படிக்கலங்க. நீங்க சலிச்சுக்கிறதைப் படிச்சிருக்கு" என்றாள்.

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "யாருக்குத் தெரியப்போகுது? கொடுத்துட்டுப் பட்டத்தை வாங்கு."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா? நாளைக்கு இதை நம்பி ஒருத்தர் லிஃப்ட்ல ஏறுவாரு. அவருக்கு யார் பதில் சொல்றது?"



என் 'ப்ச்'சையெல்லாம் வெட்டியெடுத்து, புரோகிராமுக்கு மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுத்தாள். தொண்ணூற்றெட்டு எழுபத்தொன்றாக இறங்கியது. "இதைத் தேர்வாளர் ஏத்துப்பாரான்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் கைடு அம்மா. இவள் இரண்டு எண்ணையும் எழுதி, நடந்ததையும் எழுதி, கடைசி நாளன்று கொடுத்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வீட்டாரும் வரலாம் என்றார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கணினியில் ஒரு பதிவை ஓட்டினாள். அறை முழுக்க என் 'ப்ச்'. எல்லாரும் சிரித்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. "தொண்ணூத்தெட்டுன்னே கொடுத்திருந்தா நாங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டோமேம்மா?"

"நான் கண்டுபிடிச்சுட்டேனே, சார்."

 அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கியது. அதில் மறைக்க ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். என் மானம் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கத்தான். இப்படி எழுதியிருந்தாள்:

"பதிவு செய்தவர் இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக். சர்வீஸ் பதிவேட்டோடு ஒப்பிட்டதில், அவர் காதால் கேட்டுக் குறித்த முந்நூறும் சரி. பதிவுகளைக் கேட்டுப் பார்க்காமல் பயன்படுத்தியது என் தவறு."

இருபத்திரண்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை.