இரண்டு பெயருக்கு நடுவே

...காற்புள்ளி போடக் கூடாதாம், போட்டால் இரண்டு பெயரும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்கின்றன, சாய்கோடு போட்டு ‘அண்ட்’ என்று அடித்தால்தான் தனித்தனியாக நிற்கும், அறிக்கை அடிக்கிற இந்த லாடெக் மென்பொருளில் எதையும் கட்டளையாகத்தான் சொல்லவேண்டும், தலைப்பா, ஒரு கட்டளை, அட்டவணையா, அதற்கும் ஒன்று... இதெல்லாம் வாயாடியின் வேலை. சோதனையை இவளும் அவளும் சேர்ந்து செய்வார்கள், அறிக்கையைக் கணினியில் வாயாடிதான் அடிப்பாள், அடிக்கும்போதும் வாய் ஓயாது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. ஆய்வகத்தில் அவளுடைய முக்காலி காலியாகத்தான் கிடக்கிறது, யாரும் இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை, ஏன், உட்கார்ந்தால் காய்ச்சல் ஒட்டிக்கொண்டுவிடுமா?

கடைசியாகச் சேர்ந்து செய்தது ஊசல் சோதனை. வாயாடி ஆட்டங்களை எண்ணினாள், இவள் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள், விடையோ புத்தகத்தில் இருப்பதைவிட்டு எங்கோ தள்ளிப்போய் நிற்கிறது. “பிழைக்குக் காரணம் எழுதலையே, பூசி மெழுகாம தெளிவா எழுதும்மா,” என்றார் ஆசிரியர், அவர் சொன்னதிலும் தப்பில்லை. ‘எண்ணியவர் எண்ணிக்கையைத் தவறவிட்டார்.’ அடித்தாள். அழித்தாள். எண்ணியவர் யார் என்று மேலேயே இருக்கிறதே, அதையும் அழித்துவிட்டால் அவள் அங்கே என்னதான் செய்தாள்? அவள் பெயருக்கு இனிஷியல் வேறு தெரியவில்லை, வாயாடி வாயாடி என்றே கூப்பிட்டுப் பழகி... எஸ்ஸா, எம்மா? அவள் அம்மாவைத்தான் கேட்கவேண்டும், துக்கத்துக்குப் போய் வாசலிலேயே நின்று திரும்பியதோடு சரி, எந்த முகத்தோடு... வராந்தாவுக்குப் போய் போனை எடுத்தாள்.

“அம்மா, நான்தான்... அவகூட லேப்ல இருப்பேனே.”

“தெரியுதும்மா, சொல்லு.”

இனிஷியலோடு முழுப்பெயரைக் கேட்டதும், எதற்கு என்றுகூடக் கேட்காமல், அம்மா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், நடுவில் நின்று, மறுபடி முதலிலிருந்து. பிறகு, “அவ பண்ணினது சரியா வந்துச்சாம்மா?”

“வந்துச்சும்மா.”

திரும்பிவந்து அடித்தாள், பக்கத்தின் உச்சியில் இரண்டு பெயர்கள் அருகருகே, ‘பிழைக்குக் காரணம்’ என்பதன் கீழே வெறும் வெள்ளை. பேச்சு சுவாரசியத்தில் எண்ணிக்கையை விட்டாள் என்று இவளாகத்தானே நினைத்துக்கொண்டாள்... அன்றைக்கு அவள் பேசவேயில்லையே, சுவரில் நெற்றியைச் சாய்த்து, ஊசலை ஓரக்கண்ணால் பார்த்தபடி, வாய்க்குள் முனகி முனகி எண்ணிக்கொண்டிருந்தாள்... கொதிக்கிற நெற்றிக்குச் சுவர் குளுகுளுவென்று இருந்ததாலா?