கோகுலகிருஷ்ணன் கைவிட்ட நற்பழக்கங்கள்

"உன் வாக்கிங் இப்போ யார்கிட்ட இருக்குது மாமா?" என்று எதிர்வீட்டுத் தாட்சாயணியின் மகள் தரணி ஒருநாள் கேட்டாள். காலைநடையை அந்த வாரம்தான் கைவிட்டிருந்த கோகுலகிருஷ்ணன் சிரித்தார். ஆனால் இரண்டாம் வகுப்புக் குழந்தை சரியாகத்தான் கேட்டிருந்தாள். அது அவளுடைய அம்மாவிடம் இருந்தது. முழங்கால் வலியால் தெருக்குழாய் வரைகூடப் போகாத தாட்சாயணியை, அவர் நிறுத்திய மறுநாள் விடியலில் அவளுடைய கால்களே எழுப்பி, கட்டமஞ்சி ஏரியைச் சுற்றிக் கூட்டிவந்தன. அன்றுமுதல் நாள் தவறாமல் நடந்தாள். திரும்பும்போது பால் பாக்கெட்டும் வாங்கிவந்தாள். மாதம் திரும்புவதற்குள் வலி போய்விட்டது.

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் ருசி பார்க்கும் வேலை கோகுலகிருஷ்ணனுக்கு. பகலெல்லாம் இனிப்பை நாக்கில் வைத்துவிட்டு, மாலையில் உடம்பைப் பேண உறுதி எடுப்பார். உறுதி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதைக் காப்பதில் மிஞ்சாதவர் இல்லை. அவர் விட்ட வெந்நீர் குடிக்கும் பழக்கம், ஓய்வுபெற்ற கண்டக்டர் ருக்மணியிடம் போய் அவள் வயிறு சரியானது. விட்ட மூச்சுப்பயிற்சி அதே தெருத் தையற்காரரிடம் போய் அவருடைய இழுப்பு நின்றது. சீக்கிரம் படுக்கும் பழக்கம் யாருக்குப் போனதென்று தெரியவில்லை. தெருமுனை டீக்கடை மட்டும் எட்டு மணிக்கே மூடத் தொடங்கியது. செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தார் கேட்டே வாங்கிப் போனார்கள்.

"அண்ணா, எங்க ஊட்டுக்காரருக்குக் கோவம் ஜாஸ்தி. நீ ஒரு வாரம் பொறுமையா இருந்துட்டு உட்டுடேன்," என்றாள் பின்தெரு மஞ்சு.

"வாரம்லாம் நமக்குத் தாங்காதும்மா. மூணு நாளு இருந்தா போதுமா?"

போதுமானதாகத்தான் இருந்தது. எதையும் காப்பாற்றத் தெரியாத தன்னைப் பகவான் எதற்குப் படைத்தான் என்று அவருக்கு நெடுநாள் குழப்பம். இப்போது பதில் கிடைத்துவிட்டதாக நினைத்து, அதைக் கொண்டாட இரண்டு மைசூர்பாகு தின்றார்.

அடுத்த மாம்பழ சீசனில் அவருடைய கால்விரல்கள் மரத்துப்போயின. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, தினம் நடக்காவிட்டால் ஒருநாள் விரலை எடுக்கவேண்டி வரும் என்றார் டாக்டர். கோகுலகிருஷ்ணன் புதுச் செருப்பு வாங்கினார். ஆனால் கொடுத்துவிட்ட நடை மறுபடி முளைக்கவில்லை. விடியலில் கால்கள் அம்மிக்கல்லாய்க் கட்டிலில் கிடந்தன. வேறு காரியத்துக்கு என்றால் எழுந்தன. காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய யாரும் துணியமாட்டார்கள், அங்கே சத்தியம் செய்தாலாவது நடப்போம் என்று பஸ் ஏறிப் போனார். சன்னிதியில் நின்றதும், தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளையாருக்கும் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. சத்தியம் செய்யாமல் சுண்டல் மட்டும் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினார்.

"எங்க அம்மாகிட்டயே கேளேன் மாமா," என்றாள் தரணி.

"குடுத்தத திருப்பிக் கேப்பாங்களா? உங்க அம்மா மறுபடி மூட்டுவலியில கெடக்கணுமா? போ, போய்ப் படி."

சில நாள் கழித்து ஒரு விடியலில் கால்களே அவரை எழுப்பின. ஏரியைச் சுற்றிவந்து, தன் மன உறுதியைப் பற்றி ருக்மணியிடம் அரைமணி நேரம் பேசினார். அவள் வெந்நீர் குடித்தபடி பொறுமையாகக் கேட்டாள். அவர் வீடு திரும்பும்போது தரணி வாசலில் நின்றிருந்தாள்.

"அம்மா வாக்கிங்க உட்டுடுச்சு மாமா. உன் கால் மரத்துப் போச்சுன்னு நாந்தான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதன்னுச்சு."

உள்ளே தாட்சாயணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பது தெரிந்தது. கோகுலகிருஷ்ணன் அதன்பின் மன உறுதி பற்றி யாரிடமும் பேசவில்லை.

மறுநாளிலிருந்து, தெரு விழிக்கும் முன்பே தாட்சாயணியின் கேட்டில் ஒரு பால் பாக்கெட் தொங்கியது. யார் மாட்டிப் போகிறார்கள் என்று பார்த்தவர் இல்லை, அவளும் விசாரிக்கவில்லை. கோகுலகிருஷ்ணனின் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது. புதுப்புது நற்பழக்கங்களை அதன்பிறகும் பலமுறை தொடங்கிப் பலமுறை விட்டார். ஊர் நலமாக இருந்தது. நடையையும் பால் பாக்கெட்டையும் மட்டும் அவர் விடவே இல்லை. அதனால் அந்த இரண்டும் வேறு யாருக்கும் போகவில்லை.